கல்லாப்பெட்டி இல்லாத அரசு: 1789 அமெரிக்கா, கேள்வி பதில்

இன்றைக்கு எடுத்துக்கொள்வது 1789 மார்ச் முதல் 1797 மார்ச் வரை. புது அரசியலமைப்பின்படி அரசு கூட வேண்டிய நாளில் தொடங்கி, வாஷிங்டன் பதவியிலிருந்து இறங்கிய நாளில் முடிகிறது. போர்க்களக் கதை, லிங்கன், இன்றைய தேர்தல் மூன்றும் வேண்டாம். கேட்பதற்கு முன் இரண்டு விஷயம். 1787 வேறு, 1789 வேறு: முன்னது எழுதிய ஆண்டு, பின்னது ஓட்டிப் பார்த்த ஆண்டு. இன்னொன்று, அன்றைய டாலர் இன்றைக்கு எத்தனை ரூபாய் என்று கேட்காதீர்கள். அதை வைத்து அன்றைக்கு என்ன செய்ய முடிந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன்.

கல்லூரி மாணவி, தஞ்சாவூர்: சார், 1787லயே எழுதி முடிச்சாச்சு. அப்புறம் அரசு ஓட ஏன் ரெண்டு வருஷம்?

பதில்: நல்ல தொடக்கம். கையெழுத்தானது 1787 செப்டம்பர் 17. ஒன்பது மாநிலம் ஒப்பினால் நடைமுறைக்கு வரும் என்பது விதி. ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர் வந்தது 1788 ஜூன் 21ல். ஆனால் வர்ஜீனியாவும் நியூயார்க்கும் இல்லாமல் வண்டி ஓடாது. வர்ஜீனியா 89க்கு 79, நியூயார்க் 30க்கு 27 என்று மயிரிழையில் தாண்டின.

காங்கிரஸ் கூட வேண்டிய நாள் 1789 மார்ச் 4. அன்றைக்கு நியூயார்க்கில் வந்து உட்கார்ந்திருந்தவர்கள் 8 செனட்டர்கள், 13 பிரதிநிதிகள். கோரத்துக்கு, அதாவது அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகைக்கு, பிரதிநிதிகள் சபையில் 30 பேர், செனட்டில் 12 பேர் வேண்டும். குளிர்காலச் சேற்றுப் பாதை ஒரு காரணம். சில இடங்களில் தேர்தலே முடியவில்லை என்பது இன்னொன்று. கீழ்ச்சபைக்குக் கோரம் சேர்ந்தது ஏப்ரல் 1, செனட்டுக்கு ஏப்ரல் 6. அதே 6ஆம் தேதி, மாநிலங்களின் தேர்வாளர்கள் ஜனாதிபதிக்குப் போட்ட வாக்குகளைப் பிரித்தார்கள்: வாஷிங்டனுக்கு 69, அத்தனையும் அவருக்கே. ஓட்டுப் போட்டவை பத்து மாநிலங்கள்தான். வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் இன்னும் சேரவில்லை. நியூயார்க்கின் இரு அவைகளும் தேர்வாளர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சண்டை போட்டே நாளைக் கழித்தன. தலைநகரமே ஓட்டுப் போடாத தேர்தல் அது.

அந்த ஒரு மாதத் தாமதத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஐரோப்பியச் சரக்குக் கப்பல்கள் வருவது வசந்தத்தில். கோரம் கூடியதும் ஏப்ரல் 8ல் வர்ஜீனியாப் பிரதிநிதி மேடிசன் இறக்குமதி வரித் தீர்மானத்தைக் கொண்டுவந்தது அந்தச் சரக்கைப் பிடிக்கத்தான். மசோதா சட்டமானது ஜூலை 4. அமலுக்கு வந்தது ஆகஸ்ட் 1. கப்பல்கள் சரக்கை இறக்கிவிட்டுப் போயே போய்விட்டன.

யுபிஎஸ்சி எழுதுபவர், மதுரை: பழைய கூட்டமைப்பு விதிகளின் ஐந்து குறைகளைச் சொல்லுங்கள் சார்.

பதில்: ஐந்து கேட்டால் ஒன்று தருகிறேன்: புது அரசியலமைப்புக்கு முன் நாட்டை ஓட்டிய அந்த விதிகளில் காங்கிரஸுக்கு வரி போட அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் 'இவ்வளவு அனுப்புங்கள்' என்று கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். இறக்குமதிக்கு 5 சதவீதம் வரி போட 1781ல் கேட்டார்கள்; பதின்மூன்றும் ஒப்ப வேண்டும், ரோட் ஐலண்ட் மறுத்தது. 1783ல் மறுபடி கேட்டார்கள். 1786ல் நியூயார்க் அதைத் தோற்கடித்தது. மற்ற நான்கையும் இதிலிருந்து நீங்களே வருவித்துக்கொள்ளலாம்.

சுங்க முகவர், தூத்துக்குடி: எங்க தொழில் இதுதான் அண்ணே. சட்டம் போட்டாச்சு சரி, துறைமுகத்துல யாரு, எப்படி வசூல் பண்ணாங்க?

பதில்: இதைக் கேட்க ஆள் வரமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் விகிதம். பெரும்பாலான சரக்குக்கு மதிப்பில் 5 சதவீதம். ஆடம்பரத்துக்கு மேலே ஏறும், குதிரைவண்டிகளுக்கு 15. குடிவகைக்கும் மளிகைக்கும் அளவு வரி: ஜமைக்கா ரம்முக்குக் காலனுக்கு 10 சென்ட், மடீரா ஒயினுக்கு 18, வெல்லப்பாகுக்கு இரண்டரை, உப்புக்கு ஒரு புஷலுக்கு (மரக்கால் போன்ற முகத்தல் அளவு) 6. வெல்லப்பாகில் பெரிய சண்டை. மாசசூசெட்ஸ் ரம் வடிப்பவர்களின் மூலப்பொருள் அது. தேயிலையில் கப்பல் யாருடையது என்பதும் சேர்ந்தது: சீனாவிலிருந்து அமெரிக்கக் கப்பலில் நேரே வந்த போஹீ ரகத்துக்குப் பவுண்டுக்கு 6 சென்ட், அந்நியக் கப்பலில் வந்தால் 15. தனியாகக் கப்பலின் கொள்ளளவுக்கும் வரி: சொந்தக் கப்பலுக்கு டன்னுக்கு 6 சென்ட், அந்நியக் கப்பலுக்கு 50.

வசூல் சட்டத்தில் ஜூலை 31ல் கையெழுத்து. வரி அமல் மறுநாளே. அதிகாரிகள்? நியமனப் பட்டியலை வாஷிங்டன் செனட்டுக்கு அனுப்பியதே ஆகஸ்ட் 3ல். சட்டம் வந்துவிட்டது, ரசீது போட ஆள் இல்லை.

நடைமுறை உங்களுக்குப் புதிதாக இருக்காது. கப்பல்தலைவர் சரக்குப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். இறக்குவது பகல் வெளிச்சத்தில் மட்டும், அனுமதிச் சீட்டு பெற்ற பிறகு. பெரிய துறைமுகத்தில் மூன்று பேர்: வரியைக் கணக்கிட்டு வாங்குபவர், அவர் கணக்கைத் தனியாக எழுதிச் சரிபார்க்கும் கடல் அலுவலர், எடைபோடுவோரையும் பீப்பாய் அளப்போரையும் மேய்க்கும் மேற்பார்வையாளர். முதலாமவர் பெயர் கலெக்டர். நம்மூர்க் கலெக்டருக்கும் அந்தப் பெயர் வசூலால் வந்ததுதான்.

வரி 50 டாலருக்கு மேல் போனால் ஜாமீனோடு பத்திரம் எழுதிக்கொடுத்துத் தவணை வாங்கலாம்: மேற்கிந்தியச் சரக்குக்கு 4 மாதம், மடீராவுக்கு 12, மற்றவற்றுக்கு 6. கைக்காசாகக் கட்டினால் தள்ளுபடி. சிக்கல் வந்தது இங்கேதான். சட்டப்படி தங்கம், வெள்ளி நாணயம்தான் வாங்க வேண்டும். புழக்கத்தில் நாணயம் இல்லை. ஹாமில்டன் கருவூலச் செயலரானது 1789 செப்டம்பர் 11. அந்த மாதமே நியூயார்க், பிலடெல்பியா வங்கிகளின் நோட்டுகளையும் வாங்கலாம் என்று சுற்றறிக்கை விட்டார். சட்டம் கண்டிப்பாகச் சொன்னதை ஒரு சுற்றறிக்கையில் தளர்த்திய முதல் ஆள் அவர்தான் என்பேன்.

ஒரு உபரிச் செய்தி: அந்நிய விலைப்பட்டியலை டாலருக்கு மாற்ற அந்தச் சட்டம் கொடுத்த பட்டியலில் வங்காள ரூபாயும் உண்டு, நம் வராகனும் உண்டு. ரூபாய் 55 சென்ட் சொச்சம். வராகன் இரண்டு டாலருக்குச் சற்றுக் குறைவு. சும்மா சேர்க்கவில்லை. 1784 டிசம்பரிலேயே பிலடெல்பியாக் கப்பல் ஒன்று புதுச்சேரிக்கு வந்துவிட்டது.

முகம் காட்டாதவர்: முதல் ஜனாதிபதி வாஷிங்டன் இல்லையாமே, ஜான் ஹான்சனாமே?

பதில்: ஹான்சன் பழைய காங்கிரஸின் அவைத்தலைவர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார், நாட்டுக்கு அல்ல.

தணிக்கைத் துறை ஊழியர், சென்னை: கருவூலத்தில் ஒரு பில் எப்படிப் பாஸ் ஆனது?

பதில்: 1789 செப்டம்பர் 2 சட்டம் ஆறு நாற்காலிகளைப் போட்டது: செயலர், அவருடைய உதவியாளர், கட்டுப்பாட்டாளர், தணிக்கையாளர், பொருளாளர், பதிவாளர். பில் முதலில் தணிக்கையாளரிடம். அவர் ரசீதுகளைப் பார்த்து, நிலுவை இவ்வளவு என்று சான்று எழுதிக் கட்டுப்பாட்டாளருக்கு அனுப்புவார். அவர் ஒப்பினால் செயலர் பட்டுவாடா ஆணையில் கையெழுத்திடுவார், கட்டுப்பாட்டாளர் எதிர்க்கையெழுத்திடுவார், பதிவாளர் ஏட்டில் ஏற்றுவார். அதற்குப் பிறகுதான் பொருளாளர் பெட்டியைத் திறப்பார். பெட்டி ஒருவரிடம், சாவி மூன்று பேரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு இந்த அதிகாரிகள் வணிகம் செய்வதையும், கப்பல் வைத்திருப்பதையும், அரசு நிலமோ கடன் பத்திரமோ வாங்குவதையும் தடுத்தது. இந்தப் பிரிவை நினைவில் வையுங்கள், கீழே யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கும்பகோணம்: நான் கேட்கிறேன். ஹாமில்டன் செய்தது பகல் கொள்ளை. விடுதலைப் போரில் ரத்தம் சிந்தியவனுக்குச் சம்பளத்துக்குப் பதில் காகிதம் கொடுத்தார்கள். அவன் வயிற்றுப்பாட்டுக்கு அடிமாட்டு விலைக்கு விற்றான். 1790ல் அதே காகிதத்துக்கு முழு மதிப்பு, யாருக்கு? வாங்கி வைத்தவனுக்கு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: ஐயா, கேள்வி சரி, கொள்ளை என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். 1790 ஜனவரி அறிக்கைப்படி வெளிநாட்டுக் கடன் சுமார் 1 கோடியே 17 லட்சம் டாலர். உள்நாட்டுக் கடன் வட்டி பாக்கியோடு 4 கோடியே 20 லட்சத்துக்குச் சற்று மேல். மாநிலங்களின் கடன் இரண்டரைக் கோடி என்று மதிப்பிட்டார். உள்நாட்டுப் பத்திரங்களில் பெரும்பகுதி கைமாறிவிட்டது உண்மை. மேடிசன் பிப்ரவரியில் மாற்றுத் திட்டம் சொன்னார்: இப்போது வைத்திருப்பவருக்குச் சந்தையில் எட்டிய அதிகபட்ச விலை, மிச்சம் முதன்முதலில் அரசிடமிருந்து பத்திரம் பெற்றவருக்கு. 36க்கு 13 என்று தோற்றது.

ஏன் தோற்றது? காகிதத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். கடன் அலுவலகப் பத்திரங்கள் பலவற்றில் இருந்த பெயர் உண்மையில் பணம் கொடுத்தவர் பெயர் அல்ல, எழுத்தர் பெயர். நான்கு கை மாறிய பத்திரத்தில் நடுவில் நட்டப்பட்டவருக்கு என்ன கணக்கு? செத்துப்போன சிப்பாயின் வாரிசை எந்த ஊரில் தேடுவது? 'உனக்கு மிச்சம் வரும்' என்று அறிவித்த மறுநாளே தரகன் அவன் வீட்டு வாசலில் நிற்பான், அந்த உரிமையையும் கால் விலைக்கு எழுதி வாங்க.

வழக்கறிஞர், கோவை: சட்டப்படியும் வங்கி ஐயா சொல்வது நிற்காது. கைமாற்றக்கூடிய பத்திரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வாங்கினவன் உரிமை பாதி என்று பிறகு சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கும்பகோணம்: தம்பி, சட்டம் தெரிந்துதான் முப்பத்தைந்து வருஷம் பில் டிஸ்கவுண்ட் செய்தேன். தெரியாமல் வாங்கியவனுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. அரசு முழுசாகத் தரப்போகிறது என்று உள்ளே இருந்து தெரிந்துகொண்டு வாங்கியவனுக்கு என்ன பெயர்?

பதில்: இந்தக் குத்து சரியான இடத்தில் விழுந்தது. ஜார்ஜியாவின் ஜேம்ஸ் ஜாக்சன் இதைத்தான் சபையில் கேட்டார்: இரண்டு வாரத்துக்குள் நியூயார்க்கிலிருந்து மூன்று கப்பல்கள் ஊக வணிகத்துக்கென்றே புறப்பட்டன என்றார். தெற்கில் செய்தி எட்டுவதற்கு முன் பத்திரத்தை வாரிக்கொள்ள. 8ஆம் பிரிவு இருந்தும் ஹாமில்டனின் உதவியாளர் வில்லியம் டூயர் ஊகத்தில் இறங்கியவர். 1790லேயே பதவியை விட்டார், 1792 மார்ச்சில் கடனுக்காகச் சிறைக்குப் போனார், சந்தையும் கூடவே சரிந்தது. ஹாமில்டன் தன் பைக்குப் போட்டுக்கொண்டார் என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது. ஆனால் மேடிசனைத் தியாகியாக்காதீர்கள். பத்திரத்தை முதலில் பெற்றவர், பிறகு விலைக்கு வாங்கியவர் என்று பிரிக்கக் கூடாது என்று 1783ல் காங்கிரஸுக்காக எழுதிக் கொடுத்ததே அவர்தான்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கும்பகோணம்: 1783ல் பத்திரம் சிப்பாய் கையில் இருந்தது. 1790ல் இல்லை. ஏழு வருஷத்தில் கருத்து மாறாதவன்தான் தப்பு.

பதில்: ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களும் காத்திருக்கிறார்கள், திரும்பி வருகிறேன்.

பள்ளி ஆசிரியை, யாழ்ப்பாணம்: ஜனாதிபதி செனட்டுக்கு நேரே போய் ஆலோசனை கேட்பதில்லையே, அது விதியா?

பதில்: விதி இல்லை, கெட்ட அனுபவம். 1789 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. தெற்கே கிரீக் பழங்குடியினருடன் ஒப்பந்தம் பேச என்ன உத்தரவு கொடுப்பது என்று கேட்க வாஷிங்டன் போர்ச் செயலர் நாக்ஸோடு அவைக்கு வந்தார். துணை ஜனாதிபதி ஆடம்ஸ் தாளை வாசிக்கிறார். தெருவில் வண்டிகள் கடகடக்கின்றன, யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. சன்னலை மூடி மறுபடி வாசித்தார்கள். ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் உடனே ஆம் அல்லது இல்லை. பென்சில்வேனியாவின் மெக்லே எழுந்து முந்தைய ஒப்பந்தங்களை வாசிக்கச் சொன்னார். இன்னொருவர் குழுவுக்கு அனுப்பலாம் என்றார். வந்த நோக்கமே கெட்டது என்று வாஷிங்டன் கடுகடுத்தார். திங்கள் மறுபடி வந்து வேலையை முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆலோசனைக்கு அவர் படியேறவே இல்லை, எல்லாம் கடிதம்தான். இந்தக் காட்சி முழுக்க மெக்லேயின் நாட்குறிப்பிலிருந்து வருவது. அவர் யாரையும் நல்லவிதமாக எழுதும் ஆள் இல்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒருவர்: வாஷிங்டனுக்கு மரப்பல்லா?

பதில்: இல்லை. தந்தம், உலோகம், மனிதப் பல். அடுத்தது.

இன்னொருவர்: ஜான் ஹான்சன்தான் முதல் ஜனாதிபதி என்று படித்தேன்...

பதில்: மேலே பார்க்கவும்.

மாணவர், திருநெல்வேலி: முதல் அமைச்சரவைக் கூட்டம் எப்ப சார்?

பதில்: 1791 நவம்பர். அதுவரை வாஷிங்டன் செயலர்களைத் தனித்தனியாகக் கேட்டார், எழுத்திலும் வாங்கினார். அரசியலமைப்பில் அமைச்சரவை என்ற ஒன்றே இல்லை.

விவசாயி, ஈரோடு: சாராயத்துக்கு வரி போட்டதுக்கு இவ்வளவு பெரிய கலவரமா? எல்லா ஊர்லயும் போடறதுதானே.

பதில்: கேளுங்கள். மேற்குப் பென்சில்வேனியாவுக்கும் கீழ்த்திசைச் சந்தைக்கும் நடுவில் மலை. ஒரு பொதிக்குதிரை 4 புஷல் ரை தானியம் சுமக்கும். அதையே சாராயமாக வடித்தால் 24 புஷலின் விளைச்சல் ஒரே குதிரையில் போகும். உப்பும் ஆணியும் வாங்கினதே அந்தப் பீப்பாயைக் கொடுத்துத்தான். 1791 மார்ச் சட்டம் நாட்டுப்புற வடிகலனுக்குக் கொள்ளளவில் ஒரு காலனுக்கு ஆண்டுக்கு 60 சென்ட் என்றது. ஆண்டு முழுக்க ஓட்டும் பெரிய வடிசாலைக்காரனுக்கு இது சில்லறை. அறுவடைக்குப் பின் சில வாரம் மட்டும் வடிப்பவனுக்கும் அதே தொகை. அதுவும் ரொக்கமாக, ரொக்கம்தான் அந்தப் பக்கம் கிடையாது. 1792ல் குறைத்தார்கள், மாதக் கணக்கும் கொடுத்தார்கள், கசப்பு தீரவில்லை. கட்டாதவனை இழுத்தது மலைக்கு அப்பால் பிலடெல்பியாவில் இருந்த நீதிமன்றத்துக்கு. பக்கத்து நீதிமன்றத்திலேயே விசாரிக்கலாம் என்று 1794 ஜூனில் திருத்தம் வந்தது. ஜூலையில் கொடுத்த அழைப்பாணைகளோ பழைய முறைப்படி. அந்த மாதமே கலால் அதிகாரி நெவிலின் வீடு எரிந்தது. வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 பேரைத் திரட்டினார். போய்ச் சேர்ந்தபோது எதிரே யாரும் இல்லை. தேசத்துரோகத் தண்டனை இரண்டு பேருக்கு. இரண்டு பேருக்கும் மன்னிப்பு. அதோடு வரி ஒழுங்காக வந்ததா என்றால், வரவில்லை. 1802ல் ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் எடுத்தே விட்டார்கள்.

முனைவர் பட்ட மாணவி, புதுச்சேரி: அடிமை முறையை முதல் காங்கிரஸ் பேசவே இல்லையா?

பதில்: பேசியது, பேசி மூடியது. 1790 பிப்ரவரியில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் அடிமை முறைக்கு எதிராக மனு கொடுத்தார்கள். பிராங்க்ளின் தலைமையிலான அடிமை ஒழிப்புச் சங்கத்தின் மனுவும் வந்தது. தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் வாரக்கணக்கில் கொதித்தன. மார்ச் 23ல் 29க்கு 25 என்ற வாக்கில் குழு அறிக்கையைக் குறிப்பேட்டில் ஏற்றிவிட்டு நகர்ந்தார்கள். சாரம்: 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடுக்க அதிகாரம் இல்லை, மாநிலத்துக்குள் விடுதலை செய்ய அதிகாரமே இல்லை. அந்த ஆகஸ்டில் தொடங்கிய கணக்கெடுப்பில் 39 லட்சம் மக்கள், அதில் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் அடிமைகள். பலம் தேடிய அரசு தொடக்கத்திலேயே எந்த இடத்தில் பலத்தைத் துறந்தது என்பதை இங்கே பாருங்கள்.

யுபிஎஸ்சி எழுதுபவர், மதுரை: அந்த ஐந்து குறைகள் சார்...

பதில்: தம்பி, வரி. வரி. வரி.

வழக்கறிஞர், கோவை: விருந்தில் பேரம் பேசித்தான் தலைநகரத்தை விற்றார்கள் என்பது?

பதில்: மாநிலக் கடனை மத்திய அரசு ஏற்பது 1790 ஏப்ரல் 12ல் 31க்கு 29 என்று தோற்றது. ஜூனில் வெளியுறவுச் செயலர் ஜெஃபர்சன் வீட்டு விருந்தில் ஹாமில்டனும் மேடிசனும். ஜூலை 16ல் தலைநகரச் சட்டம்: பத்தாண்டு பிலடெல்பியா, 1800 முதல் பொடோமாக் கரை. ஜூலை 26ல் கடன் ஏற்பு 34க்கு 28 என்று தேறியது. பொடோமாக் பகுதியைச் சேர்ந்த நான்கு உறுப்பினர்கள் வாக்கை மாற்றினார்கள். விருந்து நடந்தது, எல்லாம் அந்த மேசையில் முடிந்தது என்பது ஜெஃபர்சன் பின்னாளில், ஹாமில்டன் மேல் கசப்போடு எழுதிய கணக்கு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை டாலர் ஏற்பது என்று வரம்பு பேசிய வேலை அந்த மேசைக்கு வெளியேதான் நடந்தது. வர்ஜீனியாவுக்கு 35 லட்சம், மாசசூசெட்ஸுக்கு 40 லட்சம். மொத்தம் 2 கோடியே 15 லட்சம்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கும்பகோணம்: நான் இன்னும் போகவில்லை. முழு மதிப்பு என்றீர்களே, உண்மையில் கையில் என்ன வந்தது? கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பதில்: போடுவோம் ஐயா. 1790 ஆகஸ்ட் 4 சட்டம். அசல் 100 டாலர், வட்டி பாக்கி 30 என்று வையுங்கள். அசலில் மூன்றில் இரண்டு பங்குக்கு 6 சதவீதப் பத்திரம்: 66.67 டாலர், ஆண்டு வட்டி 4 டாலர். மீதி 33.33க்கும் 6 சதவீதம்தான், ஆனால் வட்டி 1801ல்தான் ஓடத் தொடங்கும். பாக்கி வட்டி 30க்கு 3 சதவீதப் பத்திரம்: 90 சென்ட். ஆக ஆண்டுக்கு 4 டாலர் 90 சென்ட், காலாண்டுக்கு ஒரு தவணை. பழைய காங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணத்தை வைத்திருந்தவனுக்கு நூற்றுக்கு ஒன்று.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கும்பகோணம்: அப்படியானால் 6 என்று எழுதிக்கொடுத்துப் பத்து வருஷம் அசலுக்கு 4தான். வாங்கி வைத்தவனையும் சீவியிருக்கிறார்!

பதில்: சீவினார். அதுவும் சம்மதம் வாங்கிச் சீவினார். பத்திரத்தைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்வது அவரவர் விருப்பம் என்றுதான் சட்டம். காலாண்டு வட்டி தேதி தவறாமல் வந்ததால் கொண்டுவந்தார்கள். அந்தத் தேதி தவறாமல் இருந்ததற்குக் காரணம் மேலே தூத்துக்குடி நண்பர் கேட்ட பீப்பாய் அளக்கிற ஆட்கள்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கும்பகோணம்: சிப்பாய்க்கு?

பதில்: விற்றவனுக்கு ஒன்றுமில்லை, ஐயா.